அலைபாயும் கவனம்... மருந்தில்லாமல் கட்டிப்போட முடியுமா?

(சித்த மருத்துவர், கோவிலம்பாக்கம்)

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, 'பொங்குவதற்குள் இந்தத் துணியை மடித்துவிடலாமே' என்று போவார். துணி பாதி மடிந்திருக்கும்போது அலமாரியில் பழைய கல்யாண ஆல்பம் கண்ணில் படும். ஆல்பத்தில் மூழ்கிவிடுவார். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, கேஸ் வாடை கூடத்துக்கு வந்த பிறகுதான் 'ஐயையோ!' என்று ஓட்டம்.

கையில் பணம் இருக்கும். ஆனால் ஈ.பி. பில் கட்ட மறந்து ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். வண்டிச் சாவியை வாரத்துக்கு நாலு நாள் தேடுவார். ஆபீசில் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்த வேலையைக் கடைசி ராத்திரி உட்கார்ந்து, கண் சிவக்க முடிப்பார். எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பாய்ந்து பதில் சொல்லிவிட்டு, அப்புறம் வருத்தப்படுவார்.

"இதெல்லாம் எங்க வீட்டிலேயும் நடக்கிறதுதானே டாக்டர்?" என்பீர்கள். வாஸ்தவம்தான். எல்லோருக்கும் எப்போதாவது நடக்கும். ஆனால் சிலருக்கு இது ஸ்கூல் படித்த காலத்திலிருந்து, தினம் தினம், வீடு, ஆபீஸ், ரோடு என்று எல்லா இடத்திலும் நடக்கிறது. 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவன்', 'இவகிட்ட ஒரு வேலை சொன்னா உருப்படுமா' என்ற பட்டங்களைச் சுமந்தே வளர்ந்திருப்பார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு.

நடிகர் ஃபகத் ஃபாசிலை நமக்கெல்லாம் தெரியும். 'விக்ரம்', 'மாமன்னன்' படங்களில் மிரட்டியவர். 2024 மே மாதம் கேரளாவில் நடந்த ஒரு விழாவில், தமக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 41 வயதில்தான் தெரிந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். 'துறுதுறுப் பிள்ளைகளுக்கு வர்றதாச்சே, பெரியவங்களுக்குமா?' என்று அப்போது பலர் ஆச்சரியப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் நம் பக்கத்திலும் 'எனக்கும் இருக்குமோ?' என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் அடுத்த கேள்வி... "மாத்திரை இல்லாம சரி பண்ண முடியுமா டாக்டர்?"

அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அது என்ன கவனக் குறைபாடு?

இது செல்போன் வந்த பிறகு முளைத்த புது வியாதி இல்லை. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-ம் ஆண்டிலேயே, ஒன்றில் மனம் நிற்காமல் அலைகிற நிலையைப் பற்றித் தன் நூலில் எழுதிவிட்டார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவாகச் சொற்பொழிவாற்றினார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 'கவனக் குறைபாடு' என்ற பெயரைத் தன் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் வந்த திருத்தத்தில், பெரியவர்களுக்கு எப்படிக் கணிப்பது என்று தனியாக விதியே வகுத்தார்கள்.

உலக அளவில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது கணக்கு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பிள்ளைக்கு என்று டாக்டரிடம் போய், 'நானும் சின்ன வயசுல இப்படித்தானே இருந்தேன்' என்று அப்பா திடுக்கிடுகிற கதை நிறைய உண்டு.

பெரியவர்கள் சின்னப் பிள்ளை மாதிரி நாற்காலி மேலே ஏறிக் குதிக்க மாட்டார்கள். ஓட்டமெல்லாம் உள்ளுக்குள் போய்விடும். உட்கார்ந்திருப்பார், ஆனால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பெண்களில் பலர் சின்ன வயதில் அமைதியாக, ஜன்னலைப் பார்த்துக் கனவு கண்டுகொண்டே இருந்திருப்பார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"ஆனா டாக்டர், கிரிக்கெட் மேட்ச்னா ஆறு மணி நேரம் அசையாம பார்க்கிறாரே! இவருக்கா கவனம் இல்லை?"

நல்ல கேள்வி. இவர்களிடம் கவனம் இல்லாமல் இல்லை. வண்டியில் எஞ்சின் பலமாகவே இருக்கிறது, ஸ்டியரிங்தான் இவர் கைக்கு அடங்குவதில்லை. பிடித்தது, புதிசு, அவசரம் என்றால் தானாகத் திரும்பும். 'செய்தாக வேண்டும்' என்பதற்காக மட்டும் திருப்பினால் திரும்பாது. பிரீமியம் கட்டுவது, ரசீதை ஃபைலில் போடுவது, துணி மடிப்பது எல்லாம் தடுக்கி விழுவது இதனால்தான்.

முதலில் இதுதானா என்று பாருங்கள்

கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். முக்கியமான ஒரு விதி: இதன் அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். போன வருஷம்தான் ஆரம்பித்தது என்றால், வேறு காரணத்தைத் தேடுங்கள்.

தைராய்டு, ரத்தசோகை, பி-12 குறைவு... இவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று தூங்குபவருக்குப் பகலில் கவனம் எப்படி நிற்கும்? மனச்சோர்வு, படபடப்பு, குடிப்பழக்கம் ஆகியவையும் இதே வேஷத்தில் வரும். ராத்திரி ஒரு மணி வரை போனைத் தடவிக்கொண்டிருந்தால் கவனக் குறைபாடு இல்லாதவருக்கும் மறுநாள் சாவி தொலையும்!

உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் 18 கேள்விகள் கொண்ட ஒரு சுயபரிசோதனைத் தாள் இருக்கிறது. அதில் முதல் ஆறு கேள்விகள் ஒரு சல்லடை மாதிரி. சல்லடையில் தங்கியதாலேயே வியாதி என்று ஆகிவிடாது. உறுதி செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். சென்னையில் 1794 முதல் வரலாறு கொண்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் இருக்கிறது. எங்கே போவது என்றே புரியாவிட்டால், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 'மனநல மருத்துவரிடம் போனா ஊர் என்ன பேசும்' என்று தயங்க வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொள்ளக் கண் டாக்டரிடம் போவதில்லையா?

"லேகியம் ஏதாவது கொடுங்களேன்!"

என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான். சித்த மருத்துவன் ஆயிற்றே, ஞாபக சக்திக்கு ஏதாவது வைத்திருப்பான் என்ற நம்பிக்கை.

உள்ளதைச் சொல்கிறேன். பெரியவர்களின் கவனக் குறைபாட்டைக் குணப்படுத்தும் என்று முறையான ஆய்வில் நிரூபணமான சூரணமோ லேகியமோ மாத்திரையோ எங்கள் வைத்தியத்தில் இன்று இல்லை. வல்லாரை நல்ல கீரை. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், தாராளமாக. ஆனால் 'இதைச் சாப்பிட்டால் ஏ.டி.எச்.டி. போய்விடும்' என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. கடையில் 'பிரம்மி' என்ற பெயரில் ஒரு இடத்தில் வல்லாரையும் இன்னொரு இடத்தில் நீர்ப்பிரமியும் விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். வல்லாரையை மாத்திரையாக நாள்கணக்கில் விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் அபூர்வமாகப் பதிவாகியிருக்கிறது. பற்பம், செந்தூரம் என்று பெயர் தெரியாதவர் பொட்டலம் கட்டிக் கொடுப்பதை வாங்கவே வாங்காதீர்கள். தூக்கமின்மை, மலச்சிக்கல், உடல் அசதி என்று வேறு உபாதைகளுக்குச் சித்த வைத்தியம் வேண்டுமென்றால் பட்டம் பெற்றவரிடம் போங்கள். நம் தாம்பரம் சானடோரியத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது.

அப்படியானால் எங்கள் வைத்தியத்திடம் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தேரையர் பாடியதாக வழங்கும் 'நோயணுகா விதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் முழுக்கு இத்தனை நாளுக்கு ஒரு தடவை, தூக்கம் ராத்திரியில்தான், பகலில் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 'இன்னைக்குச் செய்யலாமா, நாளைக்குச் செய்யலாமா' என்று தினம் யோசிக்கிற வேலையே இல்லை! யோசிக்க வேண்டியதை நாள் ஒழுக்கம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கவனம் அலைபாய்கிறவருக்கு இதைவிட உபகாரம் வேறில்லை.

பாட்டியின் முந்தானை முடிச்சு

நம் பாட்டிமார்கள் ஒன்றை மறக்கக் கூடாது என்றால் என்ன செய்வார்கள்? முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். கை பட்டதும் ஞாபகம் வரும். பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார்கள். ஞாபகத்தை மண்டைக்குள்ளே வைக்காமல் வெளியே, கண்ணும் கையும் படுகிற இடத்தில் வைத்தார்கள்.

இன்றைக்கு மேல்நாட்டு மனநல நிபுணர்கள் பெரியவர்களுக்குக் கற்றுத் தரும் மருந்தில்லா சிகிச்சையின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்பார்கள். 2010-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஒரு ஆய்வு நடந்தது. மாத்திரை சாப்பிட்டும் தொந்தரவு பாக்கி இருந்த 86 பெரியவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு நாட்குறிப்பு, வேலைப் பட்டியல், வேலையைத் துண்டு போடுவது, கவனச் சிதறலைச் சமாளிப்பது என்று 12 அமர்வுகளில் பழக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சியும் விளக்கமும் கொடுத்தார்கள். பழக்கங்களைக் கற்ற குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு நல்ல முன்னேற்றம். மற்ற குழுவில் மூன்றில் ஒரு பங்குதான். அதே வருஷம் நியூயார்க்கில் 88 பேரை வைத்து, வாரம் ஒருமுறை கூட்டமாக உட்காரவைத்து 12 வாரம் இப்படிச் சொல்லிக் கொடுத்ததிலும் பலன் தெரிந்தது.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது?

1. எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு: துண்டுச் சீட்டு, கை, காலண்டர் மூலை, போன் என்று நாலு இடத்தில் எழுதாதீர்கள். ஒரே நோட்டு. பையில் போகிற அளவு. இடது பக்கம் தேதியும் நேரமும் உள்ள காரியங்கள். வலது பக்கம் மற்ற வேலைகள். காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு தடவை திறந்து பார்க்கணும். திறப்பதையே மறந்தால்? காபி டம்ளர் வைக்கும் இடத்திலேயே நோட்டை வையுங்கள். ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோடு புதுப் பழக்கத்தை முடிச்சுப் போடுவது இதுதான்.

2. பொருளுக்கு நிரந்தர விலாசம்: வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி, ஒரு தட்டு. சாவி ஆணியில். பர்ஸ், கண்ணாடி, ஆபீஸ் அடையாள அட்டை தட்டில். ஹெல்மெட் அதற்குக் கீழே. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் இவை போய்ச் சேரணும். நாளைக்குக் கொண்டு போக வேண்டிய பொருளை ராத்திரியே கதவை மறிக்கிற மாதிரி வையுங்கள். காலில் இடித்தால் மறக்காது!

3. நேரத்தைக் கண்ணால் பாருங்கள்: இவர்களுக்கு 'இப்போது', 'இப்போது இல்லை' என்று இரண்டே நேரம்தான். அதனால் முள் நகர்வது தெரிகிற கடிகாரத்தைக் குளியலறை வாசலில்கூட மாட்டுங்கள். போய்ச் சேர வேண்டிய நேரத்தை எழுதாமல், புறப்பட வேண்டிய நேரத்தை எழுதுங்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து துரைப்பாக்கத்துக்குக் காலி ரோட்டில் எத்தனை நிமிஷம் என்பது ஒரு கணக்கு. காலை ஒன்பது மணிக்கு ரேடியல் ரோட்டில் எவ்வளவு ஆகும் என்பது வேறு கணக்கு. ஒரு வாரம் கிளம்பிய நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் எழுதிப் பாருங்கள். மனக்கணக்கு எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரியும்.

4. வேலையை நறுக்குங்கள்: முழுப் பூசணிக்காயை அப்படியே குழம்பில் போட முடியுமா? 'வருமான வரிக் கணக்குக் கொடுக்கணும்' என்று எழுதினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். 'பீரோவில் இருந்து பழுப்புக் கவரை எடுத்து மேஜையில் வைக்கணும்' என்று எழுதுங்கள். ஆரம்பிக்கவே முடியவில்லை என்றால் முதல் துண்டு இன்னும் பெரிசாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் நறுக்குங்கள். பத்து நிமிஷ அலாரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அலாரம் அடித்ததும் எழுந்துவிடலாம் என்று சலுகை கொடுங்கள். பாதி நாள் எழுந்திருக்க மாட்டீர்கள்.

5. குறுக்கே வரும் எண்ணத்துக்குக் காத்திருப்போர் அறை: வேலை நடுவில், 'கரெண்ட் பில் என்னாச்சு... மச்சானுக்குப் போன் பண்ணலையே...' என்று எண்ணம் வந்துகொண்டே இருக்கும். பின்னாலேயே போகாதீர்கள், விரட்டவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு வார்த்தை எழுதிவிட்டுக் கைவேலைக்குத் திரும்புங்கள். அலாரம் அடித்த பிறகு தாளைப் பாருங்கள். பாதிக்கு மேல் அவசரமே இல்லாததாக இருக்கும்.

6. பக்கத்தில் ஒரு ஆள்: தனியாக உட்கார்ந்தால் ஓடாத வேலை, பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலே ஓடும். இதைப் பெரிய ஆய்வாக யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் செய்து பார்த்தவர்கள் பலர் பலன் இருப்பதாகச் சொல்கிறார்கள். மனைவி காய் நறுக்கும்போது கணவர் அதே மேஜையில் பில் கணக்குப் பார்க்கட்டுமே!

7. பணத்துக்குப் பூட்டு: தவணை, எல்.ஐ.சி., கரெண்ட் பில் எல்லாவற்றையும் வங்கியிலிருந்து தானாகக் கழியும்படி செய்துவிடுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆசைப்பட்ட பொருளை ஒரு ராத்திரி தாண்டித்தான் வாங்குவது என்று வீட்டில் சட்டம் போடுங்கள். விடிந்த பிறகு பல ஆசைகள் இருக்காது.

உடம்பையும் கவனியுங்கள்

நடை: தினம் அரை மணி நேரம் வேகமான நடை. உடற்பயிற்சி முடிந்த கையோடு சில மணி நேரம் கவனம் கொஞ்சம் கூர்மையாக இருப்பதைப் பலர் உணர்கிறார்கள். அதனால் கஷ்டமான வேலையை நடை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சும் தியானமும்: 2008-ல் அமெரிக்காவில் கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கு எட்டு வாரம் விழிப்புணர்வுத் தியானம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. பிறகு வந்த ஆய்வுகளும் 'ஓரளவு உதவும்' என்றே சொல்கின்றன. எடுத்த எடுப்பில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் இவர்களுக்கு அது தண்டனை! ஐந்து நிமிஷம் போதும். நாடி சுத்தியை மூச்சை அடக்காமல், இடம் வலம் என்று நிதானமாகச் செய்யலாம். அதுவும் முடியாதவர்கள், நடக்கும்போதே பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்து நடக்கலாம். மனம் ஓடிப் போகும். போகட்டும். போனது தெரிந்ததும் திருப்பிக் கூட்டி வருவதுதான் பயிற்சியே.

தூக்கம்: இவர்களில் பலருக்கு ராத்திரி பதினொரு மணிக்குத்தான் மூளை விழித்துக்கொள்ளும். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை முதலில் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். எழுந்ததும் மொட்டை மாடியிலோ வாசலிலோ பத்து இருபது நிமிஷம் வெளிச்சத்தில் நில்லுங்கள். போனுக்கு ராத்திரி சமையலறையில் படுக்கை போடுங்கள்! அலாரத்துக்குப் பழைய டைம்பீஸ் போதும்.

சாப்பாடு: இதற்கென்று தனிப் பத்தியம் எதுவும் பெரியவர்களுக்கு நிரூபணமாகவில்லை. சர்க்கரைதான் காரணம் என்பதும் சரியில்லை. ஆனால் காலைச் சாப்பாட்டை மறந்துவிட்டு, மதியம் வரை காபியிலேயே ஓட்டுகிறவர்கள் இவர்களில் நிறைய. இட்லியோடு நிறையப் பருப்பு போட்ட சாம்பார், இல்லாவிட்டால் சுண்டல், முட்டை என்று வயிற்றில் நிற்கிற மாதிரி சாப்பிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். தூக்கத்தைக் கெடுக்கும்.

ஸ்கூல் வாசலில் நின்ற குழந்தை

இங்கே ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லணும். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கணவருக்கு 38 வயது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டில் இருந்தே வேலை பார்க்கிற நாளில், நாலு மணிக்குப் பெண் குழந்தையை ஸ்கூலில் இருந்து அழைத்து வருவது அவர் பொறுப்பு. ஒருநாள் ஏதோ வேலையில் மூழ்கிவிட்டார். ஐந்தரை மணிக்கு வாட்ச்மேன் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. அந்த மாதத்தில் அது இரண்டாவது தடவை. "குழந்தை மேல பாசமே இல்லாத மனுஷனோட என்னால இருக்க முடியாது" என்று மனைவி விழுப்புரத்துக்குப் பெட்டி கட்டிவிட்டார். போகும் முன் கடைசி முயற்சியாகத்தான் என்னிடம் லேகியம் கேட்டு வந்தார்கள்.

அந்த மனிதர் தலை குனிந்து அழுததைப் பார்த்தால் பாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். கவனக் குறைபாடுதான் என்று உறுதியாயிற்று. மருத்துவரோடு பேசி, முதலில் மூன்று மாதம் பழக்கங்களை முயல்வது, போதவில்லை என்றால் மாத்திரை என்று முடிவு செய்தார்கள்.

முதல் வேலையாக என்ன செய்தார்கள் தெரியுமா? அலாரம் வைக்கவில்லை. குழந்தைக்கு ஸ்கூல் வேன் ஏற்பாடு செய்தார்கள்!

இதை எல்லா வீட்டிலும் செய்யணும். ஒரு தடவைகூடத் தவறக் கூடாத காரியங்கள் என்று சில உண்டு. குழந்தையை அழைத்து வருவது, கேஸ் அடுப்பு, வயதான அப்பாவின் இன்சுலின், தண்ணீர் மோட்டார். இவற்றை 'இனிமே கவனமா இருப்பேன்' என்ற சத்தியத்தை நம்பி விடாதீர்கள். இவை அந்த ஆளின் ஞாபகத்தையே நாடாதபடி ஏற்பாடு செய்யுங்கள். தவறினாலும் பாதகமில்லாத காரியங்களில் அவர் பழகிக்கொள்ளட்டும். அடுப்பைப் பற்றவைத்தால் அணைக்கும் வரை சமையலறையை விட்டு வெளியே வரக் கூடாது என்ற ஒரே விதி, ஆயிரம் திட்டுகளுக்குச் சமம்.

இப்போதும் அந்த வீட்டில் குடை தொலைகிறது. ஆனால் பிரீமியம் தவறுவதில்லை. ராத்திரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் பத்து நிமிஷம் உட்காருகிறார்கள். "நான் இவருக்கு அம்மாவா, பொண்டாட்டியான்னே தெரியாம இருந்துச்சு டாக்டர். இப்ப அலாரம் அடிக்கிற வேலை எனக்கு இல்லை" என்றார் அந்தம்மா. பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

வீட்டில் உள்ளவர்களுக்கு

'எத்தனை தடவை சொல்றது?' என்று கேட்பதை நிறுத்துங்கள். எத்தனை தடவை சொன்னாலும் காதில் போட்டது நிற்காது. நோட்டில் ஏறினால் நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு காலை இருபது நிமிஷம், அடுத்த வாரக் கணக்கை இருவரும் சேர்ந்து போடுங்கள். குத்திக்காட்டுவதற்கு அந்த இருபது நிமிஷத்தில் இடமில்லை.

குறைபாடு மனைவிக்கு என்றால் நம் வீடுகளில் பாடு இன்னும் அதிகம். சமையல், ஸ்கூல் நோட்டு, மாமியார் மாத்திரை, விருந்தாளி என்று ஆயிரம் சில்லறைக் காரியம் அவர் தலையில்தான். 'ஒரு பொம்பளைக்கு இதுகூடத் தெரியாதா' என்று சொல்வதற்கு முன், ஆணியை அடித்து, தட்டை வைத்து, பாதி வேலைப் பட்டியலைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டியவர் கணவர்.

குறைபாடு உள்ளவருக்கும் ஒரு வார்த்தை. 'எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு, நான் என்ன செய்ய?' என்று அதையே சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். குறை உங்கள் தப்பில்லை. நோட்டைத் திறப்பது உங்கள் வேலை.

அப்ப மாத்திரையே வேண்டாமா?

அப்படி நான் சொல்லவில்லை. 2025 தொடக்கத்தில் 'லான்செட் சைக்கியாட்ரி' என்ற பத்திரிகையில், பெரியவர்களுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளின் தொகுப்பு வந்தது. குறுகிய காலத்தில் அறிகுறிகள் குறைந்ததை நோயாளிகளும் மருத்துவர்களும் ஒருமித்துச் சொன்னது சில மருந்துகளுக்குத்தான். நடத்தை சிகிச்சை போன்றவற்றில் முன்னேற்றம் மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்த அளவு நோயாளிகளின் சொந்த மதிப்பீட்டில் தெரியவில்லை. இங்கிலாந்தின் 2018 வழிகாட்டி, முதலில் சூழ்நிலையை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் வாழ்க்கை தடுமாறினால் மருந்து கொடுங்கள் என்கிறது. மருந்து வேண்டாம் என்று தெரிந்தே முடிவு செய்தவர்களுக்கும், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மருந்தில்லா சிகிச்சையை யோசிக்கச் சொல்கிறது.

ஆகவே, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கட்டுரையைக் காட்டி நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை கவனத்துக்குக் கொஞ்சம் நிதானம் கொடுக்கும். ஆனால் சாவியை ஆணியில் மாட்டாது. இரண்டும் சேர்ந்தே போகலாம். பழக்கங்களை மட்டும் முயல்கிறவர்கள் மூன்று மாதம் பாருங்கள். வேலை போகும் நிலை, அடிக்கடி வண்டியில் விபத்து, குடி, கடன், 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற எண்ணம்... இதில் ஏதாவது இருந்தால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போங்கள்.

இந்த வாரம் மூன்று மட்டும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் நாளைக்கே ஆரம்பிப்பேன் என்று கிளம்புவீர்கள். தெரியும்! புதிசு என்றால் உற்சாகம் பொங்கும், பத்தாம் நாள் அடங்கிவிடும். அதனால் இந்த வாரம் மூன்றே மூன்று.

ஒன்று, வாசல் பக்கத்தில் ஆணி அடித்துச் சாவியை மாட்டுங்கள். இரண்டு, ஒரு நோட்டு வாங்கிக் காபி டம்ளர் பக்கத்தில் வையுங்கள். மூன்று, தவறவே கூடாத காரியங்களை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பட்டியல் போட்டு, வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

நடுவில் இரண்டு நாள் விட்டுப் போகும். 'எல்லாம் போச்சு' என்று நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். விட்ட இடத்திலிருந்து அடுத்த பக்கத்தைத் திருப்பித் தேதியைப் போடுங்கள். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் 12 வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை நீங்கள் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டியதில்லை.